சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்கள்

பார்த்து, பார்த்து. அந்தப் பையை மிதித்துவிடாதே கண்ணு, உள்ளே டம்ளர் இருக்கிறது. எவர்சில்வர்தான், உடையாது. ஆனால் புதுசு. நசுங்கிப் போனால் கடைக்காரன் திரும்ப வாங்குவானா? மாட்டான். என் காலடியில் தள்ளிவிடு, அப்படித்தான். உட்கார். எதுவரைக்கும்? ஒட்டக்குடியா? நானும் அங்கேதான். இந்த வண்டியே அதோடு சரி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவர வேண்டியதுதான். நல்லதாகப் போயிற்று, பேச்சுத் துணைக்கு ஒரு ஆள். வாயை மூடிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். எங்கள் வீட்டுக்காரர் சொல்வார், நீ பேசினால் உனக்குச் சுற்றாது, கேட்கிறவர்களுக்குத்தான் சுற்றும் என்று. அவர் கிடக்கிறார்.

படிக்கிற பெண்ணா? கழுத்தில் அட்டை தொங்குகிறதே. யுனிவர்சிட்டியா? என்ன படிப்பு? விவசாயப் பொருளாதாரமா? அடேயப்பா. விவசாயத்தைக்கூடப் புத்தகத்தில் படிக்கிற காலம். சேறு ஒட்டாது, நல்ல படிப்பு. அப்படியானால் ஒரு வழக்கு இருக்கிறது, நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இறங்குவதற்குள் சொன்னால் போதும். ஒரு பக்கம் நான், செங்கமலம், திருவடிமங்கலம், ஊர் சனத்துக்குச் சோறு போடுகிறவள். இன்னொரு பக்கம் குஞ்சம்மா. நியாயம் யார் பக்கம் என்று நீயே சொல்.

இரு, முதலில் காபி. பிளாஸ்கில் கொண்டுவந்திருக்கிறேன், டம்ளர் ஒன்றுதான் இருக்கிறது. முதலில் நீ குடி. அண்ணாந்து குடிக்காதே கண்ணு, வண்டி குலுங்குகிற குலுக்கலில் சட்டையெல்லாம் ஊற்றிக்கொள்வாய். வாய் வைத்தே குடி. நமக்குள்ளே என்ன எச்சில்? சர்க்கரை போதுமா? போதுமாம். உன்னைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல குடும்பத்துப் பெண். ஒன்றைக் கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிறாய், அதிகப்பேச்சு இல்லை. கொடு டம்ளரை. கழுவ வேண்டாம், தண்ணீரை எதற்கு வீணாக்குவது? நானும் இதிலேயே குடித்துவிடுகிறேன்.

ம்... சூடாக இருக்கிறது. எங்கே விட்டேன்? குஞ்சம்மா.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வயலில் நடவு நடுகிறவள் குஞ்சம்மாதான். எங்கள் ஊர்த் தெற்குத் தெருவில் இருக்கிறாள். அவள் வருகிறேன் என்றால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவள் வராவிட்டால் ஒரு காக்கா வராது. கை சுத்தம், வாய்தான் நீளம். இந்த சம்பாவுக்கும் அவளிடம்தான் சொன்னோம். வந்தார்கள், இறங்கினார்கள், பாதி வயல் நட்டார்கள். பாதியோடு கரையேறிவிட்டார்கள். இப்போது எங்கள் வயலைப் பார்த்தாயானால், திருப்பதியில் பாதித் தலை சிரைத்துவிட்டு நாவிதன் டீ குடிக்கப் போன மாதிரி இருக்கிறது. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறான்.

சிரிக்காதே. மீதி நாற்று நாற்றங்காலில் நிற்கிறது, முற்றிக்கொண்டு வருகிறது. உனக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ, நான் சொல்லித் தருகிறேன் கேள். நாற்றுக்கு ஒரு வயசு உண்டு. அந்த வயசில் பிடுங்கி நட்டால்தான் தூர் கட்டும், ஒன்று பத்தாகக் கிளைக்கும். வயசு தாண்டினால் நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும். அதற்கப்புறம் நட்டால் மாட்டுக்கு வைக்கோல் கிடைக்கும், மனுஷனுக்கு நெல் கிடைக்காது. இந்த வாரத்துக்குள் நட்டாக வேண்டும். ஆற்றில் தண்ணீரும் முறை வைத்து விடுகிறார்கள், எங்கள் முறை இந்த வாரத்தோடு சரி. எங்கள் வீட்டுக்காரர் விடிந்ததும் நாற்றங்காலில் போய் நிற்கிறார். ஒரு நாற்றைப் பிடுங்குவது, அடித்தண்டை நசுக்கிப் பார்ப்பது, தூக்கிப் போடுவது. ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கிற மாதிரி. வருஷத்துக்கு எங்களுக்கு அந்த ஒரு போகம்தான், பார்த்துக்கொள்.

மெஷின் வைத்து நடக்கூடாதா என்கிறாயா? கேட்டேனே. மெஷினுக்குப் பாய் மாதிரி தட்டில் வளர்த்த நாற்று வேண்டுமாம், எங்கள் நாற்றை அது தொடாதாம். வடக்கேயிருந்து நடவுக்கு ஆள் வருகிறார்களே, அந்த ஏஜெண்டுக்கும் போன் போட்டேன். தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் அக்கா என்கிறான். தீபாவளிக்கு அப்புறம் நாற்றை வைத்து நான் துடைப்பம்தான் கட்ட வேண்டும்.

இவ்வளவும் எதனால் தெரியுமா? ஒரு பேப்பர் கப். சத்தியமாக. நாட்டுக்கே போக வேண்டிய சோறு ஒரு பேப்பர் கப்பில் வந்து நிற்கிறது.

நடவு ஆளுக்குப் பதினோரு மணிக்கு டீயும் வடையும் கொடுப்பது வழக்கம். எங்கள் மாமியார் காலத்தில் கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள். நான் வந்துதான் அதை ஒழித்தேன். எனக்கு அந்தப் பழைய பஞ்சாங்கமெல்லாம் பிடிக்காது. ஆளுக்கொரு பேப்பர் கப், குடித்தோமா, கசக்கி எறிந்தோமா, வேலை முடிந்தது. கொரோனா வந்த பிறகு அதுதானே சுகாதாரம்? வீட்டில் ஏன் பேப்பர் கப் இல்லை என்று கேட்காதே, வீட்டில் கழுவி வைக்க ஆள் இருக்கிறது.

அன்றைக்குத் தூறல். சேற்றுக் கையோடு பிடித்தால் கப் என்னத்துக்கு ஆகும்? ஒருத்தி கையில் அடி பிய்ந்து டீ முழுக்கச் சேலையில். இன்னொருத்தி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கப் மடங்கிவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒன்றும் வம்பில்லை. அந்த நேரம் பார்த்துச் சேறடிக்க வந்த டிராக்டர் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். நான் தூக்கிலிருந்து டம்ளரை எடுத்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். வெளியூர் மனுஷன், மரியாதை தெரிய வேண்டாமா?

குஞ்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, அவரு கையிலயும் சேறுதானே?" என்றாள்.

அவர் விருந்தாளி மாதிரி, என்றேன் நான். தன்மையாகத்தான் சொன்னேன்.

"அப்ப நாங்க உங்களுக்கு என்ன முறை வேணும்?"

முறையாம். வருஷக்கணக்கில் வருகிறவளுக்கு இப்போதுதான் முறை தெரிய வேண்டுமாம். இதற்கெல்லாம் யார் காரணம் என்கிறாய்? இலவச அரிசி. பக்கத்து வயல்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு. நான் பாடுபட்டு விளைவித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறேன். அது அரிசியாகி, மூட்டையாகி, ரேஷன் கடைக்கு வருகிறது. அதைச் சும்மா வாங்கித் தின்றுவிட்டு, அந்தத் தெம்பில் என்னிடமே வந்து முறை கேட்கிறாள். என்ன? நட்டது யாரா? அவள்தான் நட்டாள், அதற்கென்ன? நான் எப்படி நடுவது? எனக்குச் சேறு ஆகாது கண்ணு, உடனே சேற்றுப்புண் வந்துவிடும். நான் வரப்போடு சரி.

கேள், மறுநாள் என்ன செய்தார்கள் தெரியுமா? அத்தனை பேரும் ஆளுக்கொரு டம்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஒருத்தி டம்ளரில் காதணி விழா என்று வெட்டியிருக்கிறது, ஒருத்தி டம்ளரில் புதுமனை புகுவிழா. குனிந்து நடுகிறபோது வெயில் பட்டு ஒவ்வொருத்தி இடுப்பிலும் பளிச் பளிச் என்கிறது. டிராக்டர் டிரைவர் சிரித்துச் சிரித்து வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டார்.

சரி, கப் செலவு மிச்சம் என்றுதான் நினைத்தேன். நல்ல எண்ணத்தோடுதான் ஊற்றப் போனேன். வரிசையாக வரப்பில் உட்கார்ந்து டம்ளரை நீட்டுகிறார்கள். நான் மேலே தூக்கி ஊற்றினேன். டீ என்றால் தூக்கித்தானே ஊற்ற வேண்டும், நுரை வர வேண்டாமா? அதற்கு இவள் சொல்கிறாள்: "கிட்ட வந்து ஊத்துங்கம்மா. டம்ளரு கடிக்காது."

வயலே சிரித்தது. சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள் ஒருத்தி. நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய மனசு பண்ணிப் போய்விட்டேன். போகட்டும், நடவு நடந்தால் சரி.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் வடையில் உப்பு சரியா என்று ஒன்றைத் தின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை சரியா என்று டீயும் குடித்துப் பார்த்தாயிற்று. ஆளுக்குக் கொடுப்பதானாலும் நான் ருசி பார்க்காமல் கொடுப்பதில்லை, அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. குஞ்சம்மா தன் டம்ளரை வாய்க்காலில் நன்றாக அலசினாள். டீ வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். அப்புறம் அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்கம்மா. குடிச்சிட்டீங்கன்னா நாளைக்குக் கருக்கல்ல எறங்கி மிச்சத்தையும் முடிச்சிட்டுத்தான் கரையேறுவோம்."

எல்லாரும் நட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார், அவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நான் என்ன செய்வேன்? இன்று எனக்கு விரதம், புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்கு, என்றேன். உண்மைதானே, புரட்டாசிதானே அது. வடை தின்றாயே என்கிறாயா? விரதத்தில் உளுந்து சேர்த்துக்கொள்ளலாம். டீயா? அது ருசி பார்த்தது, குடித்ததில் சேராது. நீயும் குஞ்சம்மா மாதிரியே கேட்கிறாயே.

அவள் சண்டைக்கெல்லாம் வரவில்லை. டம்ளரில் இருந்ததை வரப்பில் ஊற்றினாள். அலசி இடுப்பில் செருகினாள். கரையேறினாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். பிடுங்கிக் கட்டிய நாற்று முடிகள் தண்ணீரில் மிதந்தபடி கிடக்கின்றன, டம்ளர்கள் பளபளவென்று வரப்பில் வரிசையாகப் போகின்றன. அதோடு சரி. இன்றைக்கு வியாழன்.

எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், ஒரு வாய் டீதானே, குடித்துத் தொலைத்திருக்கலாமே என்று. ஒரு வாய் டீதானே என்றால் அவர் போய்க் குடிக்கட்டுமே? குடிக்க மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்றங்காலுக்கு நாடி பார்க்கப் போய்விடுவார்.

நான் அப்படி மூலையில் உட்காருகிறவள் இல்லை. யோசித்தேன். என்னதான் பிரச்சினை? பேப்பர் கப். அவர்களுக்கு என்ன வேண்டும்? எவர்சில்வர். சரி, கொடுத்துவிட்டால் போயிற்று. காலையில் பஜாருக்குப் போய் நல்ல கனமான டம்ளராகப் பார்த்து வாங்கினேன், அதுதான் இந்தப் பை. ஒன்றை எடுத்துப் பார். தட்டிப் பார், சத்தமே தனி. எங்கள் வீட்டில் புழங்குவதைவிட உசத்தி. அப்படியே கவிழ்த்து அடியில் பார். சிவப்பாகப் பொட்டு மாதிரி இருக்கிறதா? நான்தான் பெயிண்ட் வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். காய்ந்த பிறகுதான் பையில் போட்டேன். எதற்கா? வீட்டு டம்ளரோடு கலந்துவிடக்கூடாது பார். நாளைக்கு யாராவது தெரியாமல் மாற்றி எடுத்துவிட்டால்? அவர்களுக்கென்று தனியாக, அவர்களுக்கே சொந்தம் மாதிரி. இதைவிட மரியாதை யார் செய்வார்கள், சொல்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? வை, பையிலேயே வை.

குஞ்சம்மாவிடம் மறுபடி போய் நிற்க எனக்கு என்ன தலையெழுத்து? ஒட்டக்குடியிலும் நடவு ஆள் இருக்கிறதாம். தையல்நாயகி என்று ஒருத்தி, அவள் சொன்னால் ஊரே வருமாம். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். டம்ளரைக் கண்ணில் காட்டிவிட்டால் பேச்சு சுலபம். இவர்கள் வந்து நட்டுக் கொடுத்துவிட்டால், குஞ்சம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும், நுரை பொங்க டீ ஊற்றுவதை.

என்ன, புரையேறுகிறதா? தலையில் தட்டிக்கொள். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றவா? வேண்டாமா? சரி, மிச்சத்தை நானே குடித்துவிடுகிறேன்.

அதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. சரி, என் வழக்கு முடிந்தது, தீர்ப்பைச் சொல். அதற்கு முன்னால் ஒன்று. தையல்நாயகி வீடு எந்தப் பக்கம், உனக்குத் தெரியுமா? ஊர்க்காரப் பெண்ணாயிற்றே, தெரியாமல் இருக்குமா?

தெரியுமா? நல்லது. யார் வீட்டுக்குப் பக்கம்?

என்னது?

உங்கள் வீடா?

உங்கள் அம்மாவா?

... அப்படியானால் குஞ்சம்மா உனக்கு? அத்தையா. அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள். ஓகோ.

இதை ஏறும்போதே சொன்னால் என்ன? இவ்வளவு தூரம் ஒருத்தியைப் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பது படித்த பெண்ணுக்கு அழகா? நான் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம். எதற்குச் சிரிக்கிறாய்? என் கையைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறாய்?

டம்ளரா?

ஆமாம், குடித்தேன். நீ குடித்த டம்ளரில்தான் குடித்தேன், கழுவாமல்தான் குடித்தேன். நான்தான் வேண்டாம் என்றேன். அதற்கென்ன இப்போது? தெரியாமல் செய்தது கணக்கில் வராது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறாயா? ஆகவில்லைதான். என்ன ஆகும்? நான் ஏதாவது ஆகும் என்று சொன்னேனா?

சரி. நல்லதாகவே போயிற்று. குஞ்சம்மா கேட்டது இதைத்தானே? ஒரு வாய். நான் இரண்டு தரம் குடித்துவிட்டேன். நீயே சாட்சி. வா, உங்கள் அம்மாவிடம் போவோம், நீயே சொல்லிவிடு, நாளைக்கே ஆள் அனுப்பச் சொல்.

மாட்டார்களா? ஏன்?

"அத்தை கரையேறின வயல்ல எங்கம்மா எறங்க மாட்டாங்க." மாட்டார்களாம். அப்படியானால் என் நாற்று? நாட்டுக்குச் சோறு? விவசாயப் பொருளாதாரம் படிக்கிற பெண் பேசுகிற பேச்சா இது? இறங்காதே, நில். கண்டக்டர் தம்பி, அந்தப் பெண் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்கள். வண்டி இங்கே நிற்கத்தானே போகிறது, என்ன அவசரம் உங்களுக்கு?

சொல் கண்ணு. என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்? இப்போதே குடிக்கட்டுமா? பிளாஸ்கில் அடியில் கொஞ்சம் இருக்கிறது. நீ முதலில் குடித்துவிட்டுக் கொடு, உன் எதிரிலேயே, கண்ணைத் திறந்துகொண்டு, தெரிந்தே குடிக்கிறேன். போதுமா?

போதாதா?

"இங்க குடிச்சதுக்கு நான் மட்டுந்தானே சாட்சி. வரப்புல குடிங்க. எல்லாரும் பாக்க, அத்தை டம்ளர்ல குடிங்க."

எல்லாரும் பார்க்கவா. குடித்தால்? இரண்டு ஊர் ஆளும் வருவார்களா? ஒரே நாளில் முடித்துவிடுவார்களா? நீயும் வருவாயா? நீ நடுவாயா, உனக்கு நடத் தெரியுமா? லீவுக்கு வரும்போதெல்லாம் நடுவாயா? என்னவோ போ, நான் உனக்கு நாற்றைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போகிறாயா? என்ன கேட்டாய்? நாளைக்கு மற்றவர்களுக்கு டீ இதிலா கொண்டுவருவேன் என்றா? இதில்தான், இந்தப் புது டம்ளரில்தான். பின்னே எதில்? நானா? நான் எதில் குடிப்பேன் என்றா கேட்கிறாய்?

போய்விட்டாள். பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள், பார்த்தீர்களா தம்பி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடையைப் பாருங்கள், அப்படியே குஞ்சம்மா.

இல்லை தம்பி, நான் இறங்கவில்லை. திருவடிமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள், திரும்பிப் போக. வந்த வேலை முடிந்ததா என்றா? முடிந்த மாதிரிதான், முடியாத மாதிரிதான். நாளைக்கு என்ன கிழமை? வெள்ளி. வெள்ளிக்கிழமை எனக்கு விரதம் ஒன்றும் இல்லை. சனி வந்துவிட்டால் மறுபடி பெருமாள் வந்துவிடுவார். நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

தம்பி, உங்களிடம் ஒரு ரூபாய்க் காசு இருக்குமா? சில்லறைக்கு இல்லை, திருப்பித் தந்துவிடுகிறேன். இதோ, இந்த டம்ளருக்கு அடியில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அத்தனையிலும் இருக்கிறது. ஊர் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

காசாலும் வரமாட்டேன் என்கிறதே. எத்தனை தேய்த்தாலும் போகாத பெயிண்டாகக் கொடு என்று கடைக்காரனிடம் கேட்டு வாங்கியது நான்தான்.